நாலாம் நம்பர் கிட்டங்கி வாளி

அது நான் விட்ட கதை. நாலே வார்த்தை. மைக்கைப் பிடித்ததும் இந்த நாலையும் சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு, வந்த வழியே வந்து உட்கார்ந்துவிட வேண்டும். காலையிலிருந்து முந்நூறு தடவை சொல்லிப் பார்த்தாயிற்று. குளிக்கும்போது சொன்னேன், பஸ்ஸில் சொன்னேன், பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். முந்நூறு என்றால் முந்நூறு இல்லை, ஒரு முப்பது இருக்கும். இதுதான் என் வியாதி. முப்பதை முப்பதாக இந்த வாயில் வைத்திருக்க முடிவதில்லை, வெளியே வருவதற்குள் அது ஒரு சுழி போட்டுக்கொள்கிறது. எழுபத்தெட்டு வயதில் அந்த வாயை எடுத்துக்கொண்டு கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வந்திருக்கிறேன், கையில் பதினோராம் நம்பர் டோக்கன், இப்போது நடப்பது ஏழு. மேலே ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை டொக் என்கிறது. டொக். அது நான். டொக். விட்ட கதை. ஏழாம் நம்பர்க்காரர் கட்டடம் ஐந்து மாடி எழும்பினால் தன் வீட்டுக்குக் கடல் காற்று வராது என்கிறார். அவர் வீடு கடலிலிருந்து மூன்று கிலோமீட்டர். காற்று வழியில் யாரையும் பார்க்காமல் நேரே அவர் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது போல. நான் அப்படியெல்லாம் பேசக் கூடாது. நாலே வார்த்தை. வாசல் பக்கம் பார்க்கவும் கூடாது, பார்த்தால் பெண்டாட்டியைக் கூட்டிவரும் வேன் வராது. பார்த்துவிட்டேன். வரவில்லை.

மேடைக்குக் கீழே மேசைமேல் பழைய துறைமுகம் முழுவதையும் தெர்மாகோலில் செய்து வைத்திருக்கிறார்கள். உப்பும் பஞ்சும் கருவாடும் நாறிய இடம், இருபது வருஷம் நாயும் ஏறாமல் கிடந்த இடம், இப்போது பஞ்சைப் பச்சையில் முக்கி மரம் வைத்து, நடைபாதை போட்டு, விளக்குக் கம்பத்துக்குக் குண்டூசி குத்தி, அழகாகத்தான் இருக்கிறது. கடலுக்கு அடித்த நீலம்தான் சரியில்லை. நாற்பது வருஷம் தோணி ஓட்டினேன், மாலத்தீவுக்கு வெங்காயமும் கருங்கல்லும் ஏற்றிப்போன தண்டல் நான், அந்த நீலத்தை எந்தத் தண்ணீரிலும் பார்த்ததில்லை. சரக்கு மூட்டை அடுக்கிய நாலாம் நம்பர் கிட்டங்கி இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கட்டடம். அதுதான் முதியோர் குடியிருப்பு. இல்லம் இல்லை, குடியிருப்பு. இந்த வித்தியாசத்தை எனக்குப் புரிய வைக்க திட்டம் போட்ட இன்ஜினியர் தம்பி போன வருஷம் ஒரு மணி நேரம் பேசினார், எனக்கு முதல் நிமிஷத்திலேயே புரிந்துவிட்டது, ஆனாலும் கேட்க நன்றாக இருந்ததால் புரியாதது போல் உட்கார்ந்திருந்தேன். அறுபது வீடு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு, தனிச் சாவி, சின்ன அடுப்படி, கீழே நர்ஸ், கட்டில் பக்கத்தில் ஒரு மணி, அடித்தால் ஆள் வரும். வாடகை ஏழைக்குத் தோதாக. புருஷன் பெண்டாட்டி சேர்ந்து இருக்கலாம். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னேன், காது கேட்கவில்லை என்று பொய் சொல்லி. இரண்டாம் மாடி, கிழக்கிலிருந்து மூன்றாவது ஜன்னல். அதை எங்களுக்கென்று எடுத்துக்கொண்டேன். தெர்மாகோலில் அந்த ஜன்னல் கொஞ்சம் கோணல். பரவாயில்லை, சலேத்துக்கு இடது பக்கம் விழுந்தபின் எல்லாமே கொஞ்சம் கோணல்தான்.

சலேத்து. சலேத் மேரி. என் பெண்டாட்டி, ஐம்பத்து நாலு வருஷமாக. இரண்டு வருஷத்துக்கு முன் காலையில் இட்லித் துணியைப் பிழிந்துகொண்டிருந்தவள் கையில் துணி அப்படியே நின்றுவிட்டது. பிறகு ஆஸ்பத்திரி, பிறகு அவள் சிஸ்டர்மார் நடத்தும் பெண்கள் இல்லத்தில், நான் இரண்டு தெரு தள்ளி ஆண்கள் இல்லத்தில். மகள் மஸ்கட்டில், வாங்க வாங்க என்கிறாள், அங்கேயும் கடல் இருக்கிறதாம், ஆனால் நான் சொல்வதைக் கேட்க ஆள் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை மூன்றிலிருந்து ஐந்து வரை. சொந்தப் பெண்டாட்டியைப் பார்க்க ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடுகிறேன், உறவு என்ற கட்டத்தில் கணவன் என்று எழுதுகிறேன். ஒரே ஒரு தடவை காதலன் என்று எழுதிவிட்டேன், அதைப் படித்து சிஸ்டர் ரெஜினா இரண்டு நாள் சிரித்தாராம். ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சலேத்துக்கு இப்போது மிஞ்சியிருப்பது நாலு வார்த்தை. தண்ணி, வேண்டாம், வலிக்கி, சேசுவே. எனக்கும் இன்றைக்கு நாலு வார்த்தைதான். சரிக்குச் சரி. ஐந்து மணிக்கு மணி அடித்ததும் நான் எழுந்திருக்கும்போது அவள் வலது கையால் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொள்வாள். நான் விரல் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். நங்கூரம் தூக்கியிருக்கிறேன், புயலில் பாய்மரம் முறிந்து கிடந்திருக்கிறேன், இந்த ஐந்து விரலை எடுப்பது போல் ஒரு வேலை நான் செய்ததில்லை. இது மிகை இல்லை. இதை மிகையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எட்டாம் நம்பர் வந்துவிட்டார். இவர் முதியோர் அங்கே குடிவந்தால் தினம் ஆம்புலன்ஸ் வரும், நடக்க வருகிறவர்கள் மனம் சங்கடப்படும் என்கிறார். இவருக்கு வயதே ஆகாது போல. தலைவராக உட்கார்ந்திருக்கும் அதிகாரியம்மா தலையைக் குனிந்து எழுதிக்கொள்கிறார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, நல்ல சீட்டாட்டக்காரி முகம். இது மூன்றாவது கேட்பு. முதல் இரண்டும் தள்ளிப்போயின. இன்றும் தள்ளிப்போனால் அந்த இடம் சொகுசு விடுதிக்குப் போய்விடும் என்று இன்ஜினியர் தம்பி என் காதில் சொன்னார். தள்ளிப்போனதற்குக் காரணம் காற்று இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை. காரணம் ஒரு வாளி. காரணம் நான்.

பித்தளை வாளி. நாலாம் நம்பர் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர்கள் தண்ணீர் இறைத்துக் குடிக்க வைத்திருந்தது, விளிம்பில் நாலு என்று ஆணியால் குத்தியிருக்கும். எனக்கு இருபத்து நாலு வயது, அடுத்த வாரம் கல்யாணம், பெண் வீட்டில் வாளி உண்டா என்று கேட்டதாக அம்மா சொன்னாள். அவர்கள் கேட்டது வேலி உள்ள வீடா என்றோ வேறு எதையோ இருக்கலாம், எனக்கு அது முக்கியமில்லை, எனக்கு அந்த வாளிமேல் ஏற்கெனவே கண். சாயங்காலம் கிணற்றடியில் யாரும் இல்லை. பாய்த்துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு காவல்காரனுக்கு வணக்கமும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கல்யாணச் சாப்பாட்டன்று கிட்டங்கி மேஸ்திரி கை கழுவ வந்தவர் வாளியைப் பார்த்தார். நாலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என்னவே கஸ்பாரு, இது எங்க வாளியில்லா என்றார். பந்தி முழுவதும் திரும்பியது. புதுப்பெண் திரும்பினாள். அப்போது என் வாய் திறந்தது. நான் திறக்கவில்லை, அதுவே திறந்தது. உங்க வாளிதான் அண்ணாச்சி, உங்க கெணத்துல விழுந்திருக்கு, போன வாரம் கொழும்புத் துறையில நங்கூரம் தூக்கறேன், கொக்கியில மாட்டிக்கிட்டு வருது, நம்ம ஊரு வாளியாச்சேன்னு கொண்டுவந்தேன் என்றது. மேஸ்திரி விரலால் வாளியைச் சுண்டிப் பார்த்துவிட்டு, அதான பார்த்தேன், கொழும்புத் தண்ணி பட்டுத்தான் இப்பிடிப் பளபளங்குதோ என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். பெரிய மனுஷன். பந்தி சிரித்தது, அன்று ஆரம்பித்தது. அன்று ராத்திரியே நிஜத்தைச் சலேத்திடம் சொல்லிவிட்டேன், ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, அவளிடம் மட்டும் வாய் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அவள் வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கள்ளன் என்றாள். ஐம்பத்திரண்டு வருஷம் சனிக்கிழமைதோறும் புளி போட்டு அந்த வாளியைத் தேய்க்கும்போது அடுப்படியிலிருந்து சத்தம் வரும், கள்ளன். கோபத்தில் இல்லை. வேறு எந்தப் பெண்டாட்டியும் புருஷனை அத்தனை செல்லமாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இப்போது அந்த வார்த்தை போய்விட்டது. நாலில் அது இல்லை. போன ஞாயிறு வாளியைக் காட்டி, இது என்னட்டி என்று கேட்டேன், அவள் வாளியைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், தண்ணி என்றாள்.

ஒன்பது. மீன்வலை காயப்போட இடம் வேண்டும் என்கிறார், நியாயம்தான். வாளி எங்கே நின்றது, கொழும்பில். அங்கேயே நின்றிருக்கலாம். டீக்கடையில் ஒருவன் அது எப்படிவே கிணற்றில் விழுந்தது கொழும்புக்குப் போகும் என்று கேட்டான், கிணற்றுக்கு அடியில் குகை என்றேன். எவ்வளவு பெரிய குகை என்றான், ஆள் நிமிர்ந்து நடக்கலாம் என்றேன். அடுத்த வருஷம் அதில் மாட்டு வண்டி போயிற்று. அமாவாசையன்று கிணற்றில் காதை வைத்தால் கொழும்பு ரயில் சத்தம் கேட்கும் என்று சொன்னேன், நாலு பேர் போய்க் காதை வைத்தார்கள், இரண்டு பேருக்குக் கேட்டது. பிறகு ஞானதிரவியம் சார் வந்தார். பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊர் வரலாறு எழுதுகிறவர், ஒரு பொய்யை அடையாளம் கண்டுகொள்ளத் தெரியாத மனுஷன். மூன்று சாயங்காலம் நோட்டுப் புத்தகத்தோடு என் எதிரில் உட்கார்ந்தார். அப்படி ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. சிரிக்கவில்லை, குறுக்கே பேசவில்லை, குகையின் அகலம் கேட்டார், தண்ணீர் எந்தப் பக்கம் இழுத்தது என்று கேட்டார். நான் கொடுத்தேன். கேட்கிறவனுக்குக் கொடுக்காமல் இருப்பது எப்படி. அதையெல்லாம் புத்தகமாகப் போட்டார், வரைபடத்தோடு, நம்மூர்க் கிணற்றிலிருந்து கொழும்பு வரை கடலுக்கடியில் புள்ளி புள்ளியாக ஒரு கோடு. இப்போது அவர்தான் ஆட்சேபணை போட்டிருக்கிறார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. கீழே குகை இருக்கும் நிலத்தில் அறுபது முதியவர்களைக் குடிவைத்தால் ஒரு நாள் அத்தனை பேரும் உள்ளே போய்விடுவார்களே என்று தூக்கம் வராமல் போட்ட ஆட்சேபணை. நாலு இடத்தில் துளை போட்டுப் பார்த்தோம், கெட்டி மண் என்று இன்ஜினியர்கள் சொன்னார்கள். குகை குறுகலானது, துளைக்குத் தப்பியிருக்கும், கண்ணால் கண்ட சாட்சி உயிரோடு இருக்கிறார் என்று இவர் பதில் எழுதினார். அந்தக் கண்ணால் கண்ட சாட்சி நான்தான்.

பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறார், அந்த ஞானதிரவியம் சார். மடியில் புத்தகம். என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்தார். தண்டலாரே, நீங்க வந்தது எனக்கு யானை பலம் என்றார். யானை என்றதும் எனக்கு ஒரு யானைக் கதை ஞாபகம் வந்தது, கடித்து விழுங்கினேன். பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். நாலு வார்த்தை இருக்கிறது என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த மனுஷனை எப்படி உடைப்பது. என் கதைகளைக் கேட்டவர்கள் ஆயிரம் பேர், நம்பியவர் இவர் ஒருவர். மேடைக்குப் போகிறேன், கதை என்று சொல்கிறேன், இவர் முகம் என்ன ஆகும். சொல்லாவிட்டால் சலேத்து. சொன்னால் இவர். சொன்னாலும் வாய் நடுவில் திரும்பிக்கொண்டால், அது நான் விட்ட கதை, உண்மையில் குகை இரண்டு என்று சொல்லிவிட்டால். செய்யும். இந்த வாய் செய்யும். பொய்க்குப் பிடி இருக்கிறது, நூறு இடத்தில் பிடி இருக்கிறது, எங்கே தொட்டாலும் தூக்கலாம். நிஜம் நனைந்த மீன், பிடியே இல்லை. அதனால்தான் சிஸ்டரிடம் சொன்னேன், சலேத்தையும் வாளியையும் கொண்டுவாங்க, அவ எதிரில் நான் பொய் சொல்ல மாட்டேன், அவ முகம் போதும். வேன் கிடைத்தால் கூட்டிவருகிறேன் தாத்தா, சத்தியம் பண்ண மாட்டேன் என்றார். வாசலில் வெயில் மட்டும் நிற்கிறது. பத்து கூப்பிட்டாயிற்று, பத்து வரவில்லை. பதினொன்று.

பதினொன்று நான். எழுந்து மேடைக்குப் போகிறேன். மேடை தோணித் தளம் போல் ஆடுகிறது, ஆடவில்லை, நான் ஆடுகிறேன். மைக் வாய்க்குச் சற்று மேலே நிற்கிறது, நிமிர்ந்து பேச வேண்டியிருக்கிறது, பொய்யெல்லாம் குனிந்தே சொல்லிப் பழக்கம். அது நான் விட்ட கதை. சொல்லிவிட்டேன். நாலும் வரிசையாக, சுழி போடாமல் வந்துவிட்டன. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அதிகாரியம்மா தலை நிமிர்ந்து, எது ஐயா கதை என்றார். கிணற்றுக்கு அடியில் குகை இல்லை, வாளி கொழும்புக்குப் போகவில்லை என்றேன். அவர் முன்னால் இருந்த தாள்களைப் புரட்டினார். குரலில் வெறுப்பு இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

“பெரியவரே, குடியிருப்புக்கு விண்ணப்பம் போட்டவங்க பட்டியல்ல உங்க பேர் இருக்கு. அம்பது வருஷமா உண்மைன்னு சொன்னதை இன்னைக்குக் கதைங்கறீங்க. நான் எதை எழுதிக்கிறது?”

இதை நான் யோசிக்கவே இல்லை. வாழ்நாளில் ஒரே ஒரு நிஜம் சொன்னேன், அது வீடு கேட்டுச் சொன்ன பொய்யாகிவிட்டது. ஞானதிரவியம் சார் எழுந்துவிட்டார். மைக் இல்லாமலே பேசினார். தண்டலார் பொய் சொல்கிற ஆள் இல்லை, பெண்டாட்டிக்காக இன்று மனசறிந்து தன் பேரைக் கெடுத்துக்கொள்கிறார், அவரைக் குற்றம் சொல்லாதீர்கள் என்றார். இந்த ஊரில் நான் பொய் சொல்ல மாட்டேன் என்று சபையில் சாட்சி சொன்ன ஒரே மனுஷன், அதையும் இன்றா சொல்ல வேண்டும். கூட்டம் கொல்லென்று சிரித்தது, அவர் ஏன் என்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அப்போது புரிந்தது, நாலு வார்த்தை போதாது. ஐந்தாவது ஒன்று இருக்கிறது, அதை விழுங்கத்தான் இத்தனை கதையும். வாளியை நான் திருடினேன் என்றேன். சிரிப்பு நின்றது. கல்யாணத்துக்கு, பாய்த்துணியில் சுற்றி, காவல்காரனுக்கு வணக்கம் சொல்லி. மேஸ்திரி பிடித்துவிட்டார், தப்பிக்கக் கொழும்பு. அவ்வளவுதான் அம்மா, குகையும் இல்லை மண்ணும் இல்லை, ஒரு களவை மூடத் தோண்டியதுதான் அத்தனையும். மேலே டொக். டொக். யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை, தெர்மாகோல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீல் சேர் சத்தம். எண்ணெய் போடாத இடது சக்கரம், எந்தக் கூட்டத்திலும் எனக்குத் தெரியும் அந்தச் சத்தம். சிஸ்டர் ரெஜினா தள்ளிக்கொண்டு வருகிறார், வேன் பஞ்சர், ஆட்டோ பிடித்து வந்தோம் என்று பொதுவாக எல்லோருக்கும் சொல்கிறார். சலேத்து சாம்பல் நிறப் புடவையில், மடியில் வாளி, அதற்குள் சீப்பும் செபமாலையும். வாளி அதிகாரியம்மா கைக்குப் போயிற்று. நாலு இருக்கிறது என்றார். அதே வாளிதான், புத்தகத்தில் பதினேழாம் பக்கத்தில் இருக்கிறது, இதுதானே சான்று என்றார் ஞானதிரவியம் சார். அட கடவுளே, வாளி இரண்டு பக்கமும் சாட்சி சொல்கிறது. கள்ளனுக்கும் காட்டுகிறது, கொழும்புக்கும் காட்டுகிறது. அதிகாரியம்மா எழுந்து மேடையிலிருந்து இறங்கி வந்தார், சலேத்தின் நாற்காலி முன்னால் குனிந்து உட்கார்ந்தார், வாளியை அவள் மடியில் திரும்ப வைத்தார்.

“அம்மா, இந்த வாளி உங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சு?”

தண்ணி என்பாள். தண்ணி என்றால் கடல், கடல் என்றால் கொழும்பு, முடிந்தது. வேண்டாம் என்பாள். என்ன வேண்டாம், வீடு வேண்டாம் என்று எழுதிக்கொள்வார்கள். ஐயோ அவளைக் கேட்காதீர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன், வராது, வேண்டிய நேரத்தில் வராது. சலேத்து வாளியைப் பார்த்தாள். வலது கைக் கட்டைவிரலால் விளிம்பைத் தடவினாள், நாலு குத்தியிருக்கும் இடத்தில் விரல் நின்றது, சனிக்கிழமைகளில் புளி அதிகம் தேய்க்கிற இடம் அது. உதடு வலது பக்கம் மட்டும் அசைந்தது. மூடிக்கொண்டது. மறுபடி அசைந்தது. தூரத்தில் கரை தெரிகிற மாதிரி, அது வருவது எனக்குத் தெரிந்தது, யாருக்கும் தெரியவில்லை எனக்குத் தெரிந்தது. கையை எடுத்து என்னைக் காட்டினாள்.

“கள்ளன்.”

தெளிவாக. புது வார்த்தை போல. சிஸ்டர் ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டு வருஷமாக எங்கே வைத்திருந்தாய் அதை, எந்தக் கிட்டங்கியில். கூட்டம் சிரிக்கிறது, சிலர் கை தட்டுகிறார்கள், ஒரு மனுஷனைக் கள்ளன் என்று சொன்னதற்கு இப்படிக் கைதட்டி நான் பார்த்ததில்லை. எனக்குக் கண் தெரியவில்லை. வியர்வை. வியர்வை இல்லை, இன்று ஒரு நாளாவது நிஜம் சொல்கிறேன்.

ஞானதிரவியம் சார் உட்கார்ந்திருந்தார். புத்தகத்தைத் திறந்து அந்தப் புள்ளிக் கோட்டைப் பார்த்தார், மூடினார். பிறகு எழுந்து, ஆட்சேபணையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், நிலம் கெட்டிதான் என்று ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒரு வேண்டுகோள், கட்டடம் கட்டும்போது அந்தக் கிணற்றை மூடிவிட வேண்டாம் என்றார். அதிகாரியம்மா இன்ஜினியர் தம்பியைப் பார்த்தார், தம்பி முற்றத்தில் விட்டுவிடலாம் என்றார். அப்புறம் அந்தம்மா சொல்லச் சொல்லப் பக்கத்தில் ஒருவர் தட்டச்சு செய்தார், கட்டட அனுமதி வழங்கப்படுகிறது, பழைய கிணறு முற்றத்தில் பாதுகாக்கப்பட வேண்டும், மேலே இரும்புக் கம்பிவலை போட வேண்டும். அவ்வளவுதான். இத்தனை பெரிய காரியம் மீன் விலை சொல்வது போல் முடிந்துவிட்டது. எட்டாம் நம்பர்க்காரர் ஏதோ சொல்ல எழுந்தார், அவரை யாரும் கவனிக்கவில்லை.

கட்டி முடிக்கப் பதினெட்டு மாதமாம். பதினெட்டு மாதம் சாகாமல் இருப்பது ஒரு பெரிய காரியமா, நான் ஒரு தடவை பதினெட்டு நாள் குடிதண்ணீரே இல்லாமல். சரி, நாலு நாள். தண்ணீர் கொஞ்சம் இருந்தது. ஞானதிரவியம் சார் நாற்காலியின் ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டார், நான் ஒரு பிடி, வாசலை நோக்கித் தள்ளினோம். பிறகு மெதுவாகக் கேட்டார், தண்டலாரே, அப்ப அந்த ரயில் சத்தம்? அது ரெண்டு பேருக்குக் கேட்டது நெஜம் சார் என்றேன். யார் யாரு என்று நோட்டை எடுத்தார். கோபம் இல்லை, மனுஷனுக்குக் கோபிக்கவும் தெரியவில்லை. சலேத்து என் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள். இன்று எடுத்துவிட ஐந்து மணி ஆக வேண்டும், இப்போது பன்னிரண்டரைதான். மடியில் வாளி மினுங்கியது. குடிபோகும் அன்று முதல் வேலையாக முற்றத்துக்குப் போய் இதைக் கிணற்றில் போட்டுவிட வேண்டும், களவு போன பொருள் ஐம்பத்தாறு வருஷம் கழித்து உரிய இடத்துக்கு, சத்தம் கேட்க அவள் பக்கத்தில் இருப்பாள், பிறகு கொழும்பில் யார் கொக்கியில் மாட்டுகிறது என்று பார்க்கலாம். வாசல் தாண்டும்போதுதான் உறைத்தது. கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க சார் என்று நாற்காலியை அவரிடம் விட்டுவிட்டு உள்ளே திரும்பி ஓடினேன். ஓடவில்லை, நடந்தேன். அதிகாரியம்மா தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அம்மா, அந்தக் கம்பிவலையில ஒரு சின்னக் கதவு வைக்கச் சொல்லி எழுதுங்க. ஒரு வாளி போற அளவுக்கு.”